மாறும் எண்ணுக்கு மாறாத பெயர்

வீட்டு இணைய இணைப்புக்குக் கிடைக்கும் ஐபி எண் பெரும்பாலும் நிலையானதல்ல. ரௌட்டரை அணைத்துப் போட்டாலே மாறிவிடக்கூடும். பிறகு வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை எப்படிப் பிடிப்பது? டைனமிக் டிஎன்எஸ் இதற்குத் தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. வீட்டிலிருக்கும் ஒரு சின்ன நிரல் எண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. மாறியதும், மாறாத ஒரு பெயரை அந்த எண்ணோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவைத் திருத்திவிடுகிறது. பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ்ஸில் பதிவுகளைக் கோப்பில் கையால்தான் திருத்துவார்கள். ஓடுகிற போதே திருத்தும் முறையை 1997இல் ஆர்எஃப்சி 2136 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்தது. பதிவின் ஆயுளை 60 வினாடி என்று வைத்தால் பழைய எண் சீக்கிரமே மறக்கப்படும்.

அந்த வீட்டுக் கணினியில், போக்குவரத்தையெல்லாம் வேறொரு சர்வர் வழியே அனுப்பும் விபிஎன்னும் ஓடினால்தான் விஷயம் சுவையாகிறது. நிரல் தன் எண்ணை வெளியே விசாரித்தால் விபிஎன் சர்வரின் எண்தான் கிடைக்கும். சரியான எண்ணைப் பதிந்தாலும் போதாது: அழைப்பு ரௌட்டர் வழியே உள்ளே வரும், பதிலோ விபிஎன் வழியே வெளியேறும். முன்வாசலில் தட்டியவருக்குக் கொல்லைப்புறத்தில் நின்று பதில் சொல்வதைப் போலத்தான். வேறு முகவரியிலிருந்து வரும் அந்தப் பதிலை அழைத்த கணினி ஏற்காது.

இரண்டு சிக்கலுக்கும் வழி உண்டு. எண்ணைப் பதியும் வேலையை ரௌட்டரிடம் விட்டுவிடலாம். லினக்ஸில் இரண்டாவது வழித்தட அட்டவணை ஒன்றை அமைத்து, கணினிக்கு வீட்டுக்குள் உள்ள ஐபி முகவரியிலிருந்து கிளம்பும் பதில்களை ரௌட்டருக்கே திருப்பலாம். மற்றதெல்லாம் விபிஎன்னிலேயே போகும். இரண்டே கட்டளைகள். எவ்வளவு நேர்த்தி! ஆனால் இப்படி வெளியே திறந்த கணினிக்குக் காவலும் வேண்டும்: தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை மூடி, சாவியை மட்டும் அனுமதியுங்கள்.