மேசை மேல் ஒரு பெட்டி, பூமிக்கு ஒரு மீட்டர்

பெட்டியை மேசையில் வைத்துக் கையையும் எடுத்தாகிவிட்டது. அது அசையவில்லை. ஆனால் மடிக்கணினித் திரையில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. மணிக்கு 3.4 டிகிரி வேகத்தில் தான் திரும்பிக்கொண்டிருப்பதாகப் பெட்டி சாதித்தது. வந்த அன்றே கோளாறா என்று பயந்து, இரவல் கொடுத்த நண்பருக்குப் போன் போட்டேன். சாலை சர்வே செய்பவர், கோவைக்காரர். சிரித்தார்.

“ரிப்பேரெல்லாம் இல்லீங்க. அது சரியாத்தான் சொல்லுது. சுத்தறது பெட்டி இல்ல, நீங்களும் உங்க மேசையும்தான்.”

டிபன் பாக்ஸ் அளவே உள்ள இந்தப் பெட்டிக்குப் பெயர் ஒளியிழை கைரோ. எவ்வளவு திரும்பினோம் என்பதை ஒளியை வைத்து அளக்கும் கருவி. நண்பரின் சர்வே வண்டியில் வேலை செய்வது. ஜி.பி.எஸ். கைவிடும் சுரங்கத்திலும் அடித்தள பார்க்கிங்கிலும் சாதாரணக் கார்காரருக்கு இது உதவுமா என்று பார்க்க, இரண்டு வாரம் என் காரில் கொண்டு திரிந்தேன்.

சுருளுக்குள் ஓட்டப்பந்தயம்

ஓடும் ராட்டினத்தின் விளிம்பில் ஓர் இடத்தில் குறி போட்டு, அங்கிருந்து இரண்டு பிள்ளைகளை எதிரெதிர்ப் பக்கமாக, தரையிலிருந்து பார்த்தால் ஒரே வேகத்தில் ஓடவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சுற்றி வருவதற்குள் குறி கொஞ்சம் நகர்ந்திருக்கும். குறியை எதிர்கொண்டு வருகிற பிள்ளை முந்தும். துரத்தி வருகிற பிள்ளை பிந்தும். பிள்ளைகளுக்குப் பதில் ஒளி, விளிம்புக்குப் பதில் கண்ணாடி இழைச் சுருள். இரு கற்றைகளும் சேருமிடத்தில் உண்டாகும் வித்தியாசத்தைப் பார்த்தால் சுருள் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த விளைவை 1913இல் காட்டியவர் பிரான்ஸின் ஜார்ஜ் சான்யாக். ஈதர் என்றொரு பொருள் வெளியெங்கும் நிரம்பியிருக்கிறது என்று நிரூபிக்கத்தான் அவர் இறங்கினார். ஈதர் போய்விட்டது, விளைவு நிலைத்துவிட்டது. 1925இல் மைக்கேல்சனும் கேலும் இதே முறையில் பூமியின் சுழற்சியைப் பிடிக்க, சிகாகோ அருகே ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 340 மீட்டர் அகலமுமாகக் குழாய் பதித்துக் காற்றை உறிஞ்சினார்கள். 1976இல் வாலியும் ஷார்ட்ஹில்லும் இழையைச் சுருட்டிக் காட்டியபின், அந்தப் பெரிய குழாய்ச் சுற்றே உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

அளக்கும் நுணுக்கத்துக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோமீட்டர் இழையை 10 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றினால், பூமியின் சுழற்சி இரு கற்றைகளுக்கிடையே உண்டாக்கும் பாதை வித்தியாசம் அதிகபட்சம் 24 பிக்கோமீட்டர். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு அதைப்போல நாலு மடங்கு.

வாஸ்துவுக்கு வந்த சோதனை

கோவையில் உள்ள என் வீடு வாஸ்து பார்த்துக் கட்டியது, வாசல் கிழக்கு. ஆகவே சுவர்தான் திசைகாட்டி. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் அச்சைச் சுவருக்கு இணையாக வைத்து, திசைக்குப் பத்து நிமிடம் அளந்து சராசரி எடுத்தேன். வடக்கே நோக்கி 15.2, தெற்கே நோக்கிக் கழித்தல் 14.1. வித்தியாசத்தில் பாதி 14.65. பூமி மணிக்கு 15.04 டிகிரி சுழல்கிறது. கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கிடைமட்டத்தில் வர வேண்டியது 14.76. இரண்டு எண்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.55: அது பெட்டியின் சொந்தப் பிழை. முதல் நாள் மிரட்டிய 3.4 என்பது பூமிச் சுழற்சியின் செங்குத்துப் பங்கான 2.87உம் இந்தப் பிழையும் சேர்ந்த கணக்குதான்.

கிழக்கிலும் மேற்கிலும் பூமியின் பங்கு பூஜ்யமாக இருக்க வேண்டும். எனக்கு வந்ததோ 1.3, கழித்தல் 0.2. கணக்குப் போட்டதில் வீடு ஏறத்தாழ மூன்று டிகிரி திரும்பி நிற்கிறது. கொத்தனார் காந்த ஊசியை நம்பியிருப்பார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

குதிரான் சுரங்கம்

கோவையிலிருந்து வாளையார் தாண்டித் திருச்சூர் போகும் சாலையில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்தில் குதிரான் சுரங்கம். கண்ணாடியில் ஒட்டிய கைபேசி ஒன்று, காரோடு வந்த வழிகாட்டி இரண்டு, இருக்கைக்கு அடியில் வாரால் கட்டிய பெட்டி மூன்று. பெட்டிக்கு வேகத்தை, காரின் கோளாறு பார்க்கும் ஓ.பி.டி. போர்ட்டிலிருந்து கொடுத்தேன்.

அறுபதில் நுழைந்தோம். உள்ளே ஒரு லாரிக்குப் பின்னால் முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டோம். கைபேசிக்கு இது தெரியவில்லை. நாங்கள் இன்னும் உள்ளே இருக்கும்போதே அதன் அம்பு சுரங்கத்தைக் கடந்து வெளியே போய்விட்டது. நாங்கள் வெளியே வந்ததும் திடுக்கிட்டுப் பின்னால் குதித்தது. காரின் வழிகாட்டி அலட்டிக்கொள்ளவே இல்லை, அம்பு எங்களோடேயே வந்தது. விலையில் பல மடங்கான நம் பெட்டியோ, பக்கவாட்டில் ஜி.பி.எஸ்ஸின் பிழை அளவுக்குள் நின்றும், நீளவாக்கில் இருபது மீட்டர் பிந்தியிருந்தது.

காரணம் எளிது. கைரோ திருப்பத்தை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தூரம் போனோம் என்பது அதற்குத் தெரியாது. கைபேசிக்குச் சக்கரம் இல்லை, ஆகவே ஊகித்தது. காரின் வழிகாட்டி சக்கரச் சுற்றுகளை நேராக எண்ணியது. என் பெட்டிக்கு ஓ.பி.டி. கொடுத்ததோ தசமம் இல்லாத முழு எண் வேகம். ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலைக்கு இழை கைரோ வேண்டியதே இல்லை.

பார்க்கிங் சுழல்

பெட்டி ஜெயித்த இடம் கோவையில் ஒரு வணிக வளாகத்தின் மூன்று அடுக்கு அடித்தளம். சுழல் பாதையில் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே பக்கத் திருப்பம். மொத்தம் ஐந்து முழுச் சுற்று, அதாவது 1,800 டிகிரி. கார்களிலும் கைபேசிகளிலும் இருப்பது அதிரும் சிலிக்கானால் ஆன மெம்ஸ் கைரோ. அது நூறு டிகிரிக்கு ஒரு டிகிரி தப்பாக எண்ணினாலும், ஐந்து சுற்றில் 18 டிகிரி சேர்ந்துவிடும். நேராக ஓடும் சாலையில் வெளியே தெரியாத குற்றம் இது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தோம். கைபேசி நான் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பதாக நினைத்து யூ-டர்ன் போடச் சொன்னது. காரின் வழிகாட்டி சாய்ந்த அம்போடு பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெட்டியின் திசைப் பிழை ஒரு டிகிரிக்கும் கீழே. ஒளியின் வேகமும் அலைநீளமும் சுருளின் அளவும்தான் அதற்கு அளவுகோல். மூன்றும் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை.

வெயில் ஆகாது

ஒரு மதியம் வெயிலில் நிறுத்தி, திரும்பி வந்ததும் ஏ.சி.யை முழுசாக வைத்தேன். பெட்டியின் பிழை கால் மணி நேரம் அலைந்தது. சுருளின் ஓரிடத்தில் வெப்பம் மாறும்போது, இரு கற்றைகளும் அந்த இடத்தை வேறு வேறு கணத்தில் கடக்கின்றன. அதனால் சுழலாமலே சுழன்றதுபோல் ஒரு வித்தியாசம் வந்துவிடுகிறது. 1980இல் ஷூப் விளக்கிய விளைவு இது. இழையை நடுவிலிருந்து இரு பக்கமும் சமச்சீராகச் சுற்றுவது இதைக் குறைக்கத்தான். சுற்றுகிற கையின் பக்குவத்துக்குத்தான் பாதி விலை என்பார் நண்பர்.

வாங்கலாமா?

கார்களுக்குக் கைரோ புதிதல்ல. 1981இலேயே ஹோண்டா வாயு கைரோவும் வரைபடத் தாளும் வைத்து வழிகாட்டி விற்றது. 1990களில் ஜப்பானின் ஹிட்டாச்சி கேபிள், கார் வழிகாட்டிகளுக்கென்றே இழை கைரோ செய்தது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது, மெம்ஸும் மலிவானது. சாதாரணக் கார்களில் இழைக்கு இடமில்லாமல் போனது.

நிறை: திசைத் துல்லியம், தேயும் பாகம் இல்லாமை, காந்தமும் இரும்பும் அவ்வளவாகக் குழப்பாத தன்மை.

குறை: லட்சங்களில் விலை, வெப்பநிலை மாற்றத்துக்குத் தடுமாற்றம், தூரம் தெரியாமை. ஏவுகணைக்கும் உதவுகிற சாதனம் என்பதால் உயர்தரப் பெட்டிகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு; யாருக்கு, எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தீர்ப்பு: சாலை சர்வே வண்டி, சுரங்கம் தோண்டும் இயந்திரம், கப்பல் இவற்றுக்கு இது ஆடம்பரமில்லை. சொந்தக் காருக்கு வேண்டாம். அடுத்த கார் எடுக்கும்போது, அதன் வழிகாட்டி சக்கரச் சுற்றை எண்ணுகிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். சுரங்கத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நண்பர் கேட்டார், “எப்படிங்க இருந்துச்சு?” கார் பற்றித் தொடங்கியவன் வீட்டு வாசல் மூன்று டிகிரி விலகிய கதைக்குப் போய்விட்டேன். அவர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்: “இதை வீட்டுக்குள்ள கொண்டு போயிருக்கக் கூடாதுங்க.”