இருமை எண்ணும் இல்லற ஆராய்ச்சியும்

வடமொழியிலக்கணம் ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று கொள்ளும். தமிழிலக்கணமோ ஒருமை, பன்மை என இரண்டே கொள்ளும். கணவனையும் மனைவியையும் ஒருங்கே சுட்டுந் தம்பதி என்னுஞ் சொல் வடமொழியில் இருமையீறு பெறுவது. இல்லறத்தை எண்களால் அளக்கப் புகுந்தோர் நெடுங்காலம் ஒருமையையும் பன்மையையுமே அறிந்திருந்தனர். அவர்க்கு வேண்டியிருந்ததோ இருமை. அதனை முறைப்பட வகுத்துரைக்கும் ஆங்கில நூலொன்றை டேவிட் கெனி, டெபோரா காஷி, வில்லியம் குக் என்னும் உளவியலறிஞர் மூவர் 2006இல் வெளியிட்டனர். இருவர்த் தரவுப் பகுப்பாய்வு பற்றிய அந்நூல் காட்டும் நெறியின் ஆற்றலும் எல்லையும் ஈண்டு ஆராயற்பாலன.

இத்துறையின் வேர் பழையது. 1886இல் பிரான்சிஸ் கால்ற்றன் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்தபோது, தாயின் உயரத்தை 1.08ஆற் பெருக்கித் தந்தையின் உயரத்தோடு கூட்டிப் பாதியாக்கி, இருவரையும் ஒருவராக்கினார். மரபுரிமை பற்றிய அவர் வினாவுக்கு அது போதுமாயிற்று. 1903இல் கார்ள் பியர்சனும் அலிஸ் லீயும் கணவர், மனைவியர் உயரங்களினிடையே ஏறத்தாழ 0.28 என்னும் இணைபுக் குணகத்தைக் கண்டனர். உயரத்திலேயே இத்தகைய தொடர்பு உளதாயின், ஒரு கூரையின்கீழ் வாழ்வோரின் மனநிறைவில் அது உளதாதல் வியப்பன்று.

அவ்வாறிருந்தும், இருவர் விடைகளும் ஒன்றையொன்று சாராதன என்ற எடுகோளின்மீது கணித்தல் ஆய்வாளர் பலரிடம் வழக்கமாயிருந்தது. அதனால் வரும் கேடு சிறிதன்று. நூறு தம்பதியரிடமிருந்து 200 விடைகள் கிடைத்தனவென்றும், துணைவர் விடைகளினிடையே இணைபு 0.5 என்றுங் கொள்க. மணமாகிய ஆண்டுகளின் தொகை போல இருவர்க்கும் பொதுவாயதொன்றின் தாக்கத்தை மதிப்பிடுமிடத்து, அவ்விருநூறும் ஏறக்குறைய 133 தனியாள் விடைகளின் பெறுமதியே உடையன. அதனை உணராது கணிப்பின், இல்லாத தொடர்பை உண்டென்னும் பிழை மிகும். கணவர்க்கும் மனைவியர்க்குமிடையே உள்ள வேற்றுமையை நோக்குமிடத்தோ, உள்ளதனை இல்லையென்னும் பிழை மிகும். நன்னூலார் கடிந்த பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் ஒரே கவனக்குறைவினின்று பிறத்தலை இங்கே காணலாம்.

மூவரும் வற்புறுத்தும் முறை இதற்கு நன்மருந்தாகும். ஒருவரது பதற்றம் அவருடைய மனநிறைவை எவ்வளவு குறைக்கின்றது, துணைவரின் மனநிறைவை எவ்வளவு குறைக்கின்றது என்னும் இரண்டையும் அது வேறுபிரித்து, ஒருங்கே மதிப்பிடுகின்றது. கணவன், மனைவி போல வேறுபடுத்தத்தக்க இணையையும், ஒருபால் இரட்டையர் போல வேறுபடுத்தவியலாத இணையையும் தனித்தனியே கணிக்க வேண்டுமென்பதையும் அது தெளிவுறுத்துகின்றது. இருவரையுங் கலந்து ஒருவராக்காமலும், பிரித்து அயலாராக்காமலும் நோக்குவதே இதன் சிறப்பு.

ஒத்த கருத்துடையோர் இனிது வாழ்வர் என்னும் பொதுக்கூற்றைச் சோதிக்குமிடத்து இவ்விழிப்பு இன்றியமையாதது. அன்பு வேண்டும், வாய்மை வேண்டும் என்று பெரும்பாலோர் விடையளிப்பர். ஆதலின் முன்பின் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் இணைத்து நோக்கினும் விடைகள் ஒத்தே தோன்றும். இத்தகைய ஒப்புமையளவைகளின் மயக்கத்தை லீ குரொன்பாக் 1955இலேயே எடுத்துக்காட்டினார். பொதுவழக்கால் வரும் ஒப்புமையை நீக்கிய பின் எஞ்சுவதே அத்தம்பதியர்க்குரிய ஒப்புமை என்க.

இனிக் குறைகள். துணைவர் விளைவு என்னும் பெயரே மயக்கந் தருவது. ஒரே வேளையிற் பெற்ற விடைகளைக் கொண்டு, எது காரணம் எது காரியம் என எச்சமன்பாடும் துணியமாட்டாது. மனைவியின் பதற்றம் கணவனின் மனக்குறையை விளைத்ததோ, அவன் மனக்குறை அவள் பதற்றத்தை விளைத்ததோ, வறுமை இரண்டையும் விளைத்ததோ என்பது அவ்வெண்களில் இல்லை. மேலும், இருவரும் இசைந்து விடையளித்த இல்லங்களே கணக்கில் ஏறுகின்றன. ஒருவர் விடையளிக்க மறுத்த இல்லத்தின் துயரம் அட்டவணைக்குப் புறம்பாகின்றது. இவை கணிதத்தின் குறையல்ல. கணிதம் முடிந்தவிடத்து ஆராய்ச்சியும் முடிந்ததெனக் கருதுவோரின் குறை.

இல்லறத்தைப் பற்றிய முடிபுகள் ஏட்டளவில் நிற்பனவல்ல; மணமுறிவை எண்ணி வருந்துவோர்க்குக் கூறப்படும் அறிவுரையாகவும் அவை மாறுகின்றன. பிழைபட்ட கணக்கு அங்கே ஒருவர்மீது பழியாக விழும். இருவரை இருவராகவே எண்ணக் கற்பித்தமை இந்நெறியின் நிலைத்த பயனாகும்.