யானையும் சுற்றமும்: புறநானூறு 184 காட்டும் வரிநெறியும் இன்றைய வாசிப்பும்

பாண்டியன் அறிவுடைநம்பியைப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184ஆம் பாடல், வரிவிதிப்பு விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. 2019 ஜூலை 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஆற்றிய நிதிநிலை அறிக்கை உரையிலும் அது இடம்பெற்றது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலமே யானைக்குப் பல நாள் உணவாகும். அது தனியே புகுந்து மேய்ந்தால் நூறு வயலாயினும் வாய்க்குள் செல்வதைவிடக் காலடியில் அழிவதே மிகுதி. இவ்வுவமையே மேடைதோறும் பேசப்படுகிறது. உவமைக்குப் பின்வரும் பகுதி பெரும்பாலும் கைவிடப்படுகிறது. பாடலின் கருத்தோ அங்குதான் முழுமை பெறுகிறது.

பாடாண் திணையில் செவியறிவுறூஉத் துறையில் அமைந்த இப்பாடல், வரியைக் குறைக்குமாறு அரசனைக் கேட்கவில்லை. நெறியறிந்து கொள்ளும் வேந்தனுக்குக் கோடி சேரும், நாடும் தழைக்கும் என்கிறது. எனவே இதனைக் குறைந்த வரிக்கான வாதமாகக் கொள்வது பாடத்திற்குப் பொருந்தாது. கடியப்படுவது மூன்று: அறிவில் மெலிந்த தலைவன், வரிசை அறியாது ஆரவாரிக்கும் சுற்றம், பரிவற்ற தண்டல். வயலை அழிப்பது யானையின் பசியன்று, அது புகும் முறை.

‘வரிசை’ என்னும் சொல்லே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், 121ஆம் பாடலில், ஈதல் எளிது, வந்தோரின் வரிசையை அறிதலே அரிது என்று கூறிப் புலவரை ஒருபடித்தாக நோக்குவதைத் தவிர்க்கச் சொல்கிறார். அங்குக் கொடைக்கு வேண்டப்படும் அளவுகோல் இங்குக் கொள்ளலுக்கும் வேண்டப்படுகிறது. கபிலர் கருதுவது பெறுவோரின் தகுதி, செலுத்துவோரின் பொருள்வலிமை அன்று. ஆதலால் 184ஆம் பாடலில் இன்றைய வளர்விகித வரியைக் காண்பது மிகையாகும் என்ற மறுப்பு எழலாம். மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் எல்லோரையும் ஒன்றாக நோக்குதல் நீதியாகாது என்ற கருத்து இரு பாடல்களுக்கும் பொது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் நீங்கப் பெற்ற 35ஆம் பாடலும் உழுவோரின் சுமையைக் காக்கச் சொல்கிறது. சுமை யார்மீது விழுகிறது என்ற வினா, ஆக, சங்கப் புலவர்க்குப் புதிதன்று.

நெறி, வரிசை என்னும் இவ்விரு அளவுகோல்களைக் கொண்டு அண்மைக்கால முடிவுகளை நோக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த செல்வ வரி 2015 நிதிநிலை அறிக்கையில் கைவிடப்பட்டது. தண்டும் செலவு மிகுதி, வரவு குறைவு என்பது அருண் ஜெட்லி கூறிய காரணம். 2013-14இல் கிடைத்தது 1,008 கோடி ரூபாய் மட்டுமே. ஈடாக, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உடையோர்மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி வந்தது. பாடலை எவரும் மேற்கோள் காட்டாத இம்முடிவே பாடலின் உவமைக்கு மிக அணுக்கமானது என்பது வியப்பு. ஆனால் நெறி காத்த அளவில் வரிசை பிறழ்ந்தது. அளவுகோல் சொத்திலிருந்து வருமானத்திற்கு மாறியதால், பெருஞ்சொத்தும் சிறுவருமானமும் காட்டுவோர் கணக்கிலிருந்து நழுவினர்.

2019இல் நிகழ்ந்தது வேறு. பிசிராந்தையாரை நினைவூட்டிய அதே உரை 2 கோடிக்கு மேல் 25, 5 கோடிக்கு மேல் 37 விழுக்காடு என மேல்வரியை உயர்த்தியது. ஆகஸ்டு மாதத்திலேயே பங்கு முதலீட்டு ஆதாயத்தின்மீதான உயர்வு திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பர் 20 அன்று, சலுகைகளைத் துறக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 22 விழுக்காடாயிற்று, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என அரசே மதிப்பிட்டது. புதிய வரிமுறையில் 37 விழுக்காடும் 2023இல் 25 ஆகக் குறைந்தது. ஆரவாரிக்கும் சுற்றம் அரசனோடு சேர்ந்து எடுப்பதையே பாடல் கண்டது. எடுக்க விடாமல் தடுக்கும் சுற்றமும் இருக்கக்கூடும் என்பது அதன் பார்வைக்கு எட்டவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் மரபுரிமைச் சொத்துவரி பேசுபொருளானபோது விவாதம் இன்னும் மெலிந்தது. ஒருதரப்பு அதனைச் சொத்துப் பறிப்பு என்றது. மறுதரப்பு அது தன் கொள்கையன்று என விலகியது. 1953 முதல் 1985 வரை இந்தியாவில் இறப்புவரி நடைமுறையில் இருந்ததும், அது ஏன் நீக்கப்பட்டது என்பதும் தேர்தல் மேடைகளில் போதிய இடம் பெறவில்லை.

பிசிராந்தையாரை நாடகமாக்கிய பாரதிதாசனின் புதுச்சேரிக்கு இப்பாடல் மற்றொரு வினாவையும் எழுப்புகிறது. (அந்நாடகத்திற்கு 1969ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது, கவிஞர் மறைந்தபின் கிடைத்தது.) உழவரைப் பெயரிலேயே தாங்கும் உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட ரெட்டியார்பாளையத்தில் செலுத்தப்படும் வருமான வரி இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. 15ஆம் நிதிக்குழு பகிர்வுக்குரிய வரியில் 41 விழுக்காட்டை 28 மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. ஒன்றியப் பகுதியாகிய புதுச்சேரி அவற்றுள் அடங்காது, ஒன்றிய அரசு தரும் மானியத்தையே எதிர்நோக்கும். சரக்கு மற்றும் சேவை வரியில் நிலை வேறு: 2017இல் சட்டப்பேரவை உடைய புதுச்சேரி, மாநிலங்களைப் போலத் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. வரி விதிப்பதில் மாநிலம், பங்கு பெறுவதில் மாநிலமன்று. பிசிராந்தையாரின் பாடலில் வேந்தன், சுற்றம், நாடு என்பனவே உண்டு. தானும் தண்டித் தன்மேலுள்ள அரசிடமும் கைநீட்டி நிற்கும் இடைநிலை அரசுக்கு அங்கு இடமில்லை. அதன் வரிசையை அறியப் புறநானூற்றைக் கடந்து அரசியலமைப்பின் 270ஆம் உறுப்பிற்கே செல்ல வேண்டியுள்ளது.