‘கறி தேறாது’ என்று சொல்வது யார்?

தமிழ் இணையத்தில் சில வருஷங்களாக ஒரு ஜோடிப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பெல்ஜியன் ப்ளூ காளை, தொடையும் பிட்டமும் பாறை பாறையாகப் பிதுங்கி நிற்கும். இன்னொரு பக்கம் நம்ம காங்கேயம். கீழே வரும் எழுத்தில் இரண்டு கட்சி. அது ஊசி போட்டு ஊத வைத்த மாடு, நம்முடையதுதான் நிஜ பலம் என்பது ஒரு கட்சி. அவன் மாட்டில் எழுபது சதவீதம் கறி, நம்ம மாட்டில் பாதி தேறினாலே அதிகம், இனமே அப்படி என்பது இன்னொரு கட்சி. மாட்டுக்கறி சாப்பிடலாமா கூடாதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டு கட்சியும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

முதலில் ஊசி. இப்படி இரட்டைத் தசையோடு பிறக்கும் மாடுகளைப் பற்றி இங்கிலாந்தில் ஜார்ஜ் கல்லி 1807-லேயே எழுதிவிட்டார். அப்போது ஏது ஹார்மோன் ஊசி? விடை கிடைத்தது 1997-ல். தசை வளர்ச்சிக்கு பிரேக் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிகளில் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம், பெல்ஜியன் ப்ளூவில் அந்த மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. பிரேக் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இதில் முக்கியமான விஷயம், தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் கன்று வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு தீனியும் உழைப்பும் நாரைப் பருமனாக்குமே தவிர எண்ணிக்கையைக் கூட்டாது. கன்று இவ்வளவு பெரிதாக இருப்பதால் அந்த இனத்தில் பெரும்பாலான பிரசவம் சிசேரியன். குறை சொல்லணும்னா இதைச் சொல்லலாம். ஊசியைச் சொல்லி பிரயோஜனமில்லை.

இரண்டாவது கட்சிதான் எனக்கு உறுத்துகிறது. அவர்கள் சொல்லும் சதவீதம் என்ன? உயிர் எடையில், தோல், தலை, கால், குடல் எல்லாம் கழித்து எலும்போடு நிற்கும் உடலின் பங்கு. பெல்ஜியன் ப்ளூவில் அது 65-ஐத் தாண்டும், நம்ம மாட்டில் 50-ஐ ஒட்டி இருக்கும். எண்கள் சரி. ஆனால் கீழே இருக்கும் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். 300 கிலோ மாட்டில் 144 கிலோ உடல் கிடைத்தால் 48 சதவீதம். அதே மாட்டை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு, சாணமும் மூத்திரமும் போய் 280 கிலோ ஆன பிறகு எடை போட்டால் 51-ஐத் தாண்டிவிடும். கறி ஒரு கிராம்கூட கூடவில்லை! வைக்கோல் தின்கிற மாட்டுக்கு வயிறு பெரிது, உள்ளே கிடக்கும் தீனியின் எடையும் அதிகம். இதைச் சொல்லாமல் இரண்டு சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, வேற வேற யூனிட்டில் இருக்கும் இரண்டு எண்ணைக் கூட்டுகிற மாதிரி.

அதைவிடப் பெரிய ஓட்டை வயது. அங்கே வெட்டுக்குப் போவது தீவனம் கொடுத்து வளர்த்த இளங்காளை, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். இங்கே? மண்ணாடிப்பட்டு கொம்யூனிலிருந்தே பேசுவோம். புதுச்சேரியின் 1968-ம் வருஷத்துச் சட்டப்படி பசுவையும் கன்றையும் வெட்டவே கூடாது. காளை, எருது என்றால் 15 வயது தாண்டியிருக்கணும், இல்லை நிரந்தரமாக முடமாகியிருக்கணும், அதற்குச் சான்றிதழும் வேணும். எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் போனால் 1958-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம்: 10 வயதுக்கு மேல், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாதது. (நம்ம எல்லை எப்படி வளைந்து நெளியும்னு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பல்லைப் பார்த்து வயது சொல்வது எட்டுப் பல் சேரும் வரை, அதாவது நாலஞ்சு வயது வரைதான் தெளிவு. அதுக்கப்புறம் தேய்மானத்தை வைத்து ஒரு மதிப்பீடு. ஆக, சட்டப்படி கறிக்கடைக்கு வரக்கூடிய எருது ஏர், வண்டி எல்லாம் இழுத்து ஓய்ந்தது. அதன் தசையில் இணைப்புத் திசு இறுகியிருக்கும், தீனி குறைந்து சதை வற்றியிருக்கும். ரிட்டையர் ஆனவரையும் இருபது வயசுப் பையனையும் ஓடவிட்டு, இது பரம்பரைக் கோளாறு என்று தீர்ப்பு சொல்வது போல இருக்கிறது இந்த ஒப்பீடு.

இனமே அப்படி என்பதற்கு நேரான பதில் பிரேசிலில் இருக்கிறது. ஆந்திராவின் ஓங்கோல் மாட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1962 வரை பல தவணையாகக் கொண்டுபோனார்கள். கறிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நெலோர் என்ற பெயரில் அந்த நாட்டுக் கறிமாட்டின் முதுகெலும்பே அதுதான். திமிலைக்கூட விடவில்லை, ‘குப்பிம்’ என்று தனியாகச் சுட்டு விற்கிறார்கள். (திமிலுக்குள் சூரிய நாடி ஓடுகிறது என்று எழுதுகிறவர்கள் கவனிக்க: உள்ளே இருப்பது தசையும் கொழுப்பும்.) காங்கேயத்தை நாம் தேர்ந்தெடுத்தது இழுவைக்கு. கேட்டதைத்தான் அது கொடுத்தது.

சும்மா இணைய வம்புக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடிக்கும்போது வாங்குகிறவர் சொல்வதும் இதே வாக்கியம்தான்: “இதுல என்னங்க கறி தேறும்?” அவர் கண்ணாலேயே கிலோவை எடை போட்டு வைத்திருப்பார். விற்கிறவரிடம் எந்த எண்ணும் கிடையாது. நாட்டு மாடு என்றாலே தேறாது என்று படித்தவர்களும் எழுதிவைத்தால், அது அவருடைய பேரத்துக்குத்தான் உதவும்.

விற்கிறவருக்கு ஒரு தையல் டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 273 கிலோ. பாதிக்குக் கொஞ்சம் கம்மியாக 48 சதவீதம் வைத்தாலே 131 கிலோ, எலும்போடு. வெளிநாட்டு மாடுகளை வைத்துப் போட்ட சூத்திரம், அதனால் பத்து சதவீதம் முன்னே பின்னே விட்டுக்கொள்ளலாம். டேப்பைத் திமிலுக்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டிப் போடணும். வயிற்றில் போட்டால் காலையில் காட்டின தண்ணியைத்தான் அளப்பீர்கள்.