மாவுக்கட்டின் ரசீது

அமெரிக்காவில் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டு ஒருவர் எலும்பு மருத்துவரிடம் போனால், அங்கே போடும் கட்டு பில்லில் இரண்டாகப் பிரியும். கட்டுப் போடும் வேலைக்கு ஓர் எண், கட்டுக்கான பொருளுக்கு வேறோர் எண். பொருளுக்கென்றே 2001இல் அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேர் க்யூ 4001 முதல் 4051 வரை ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. சென்னையிலும் கோவையிலும் மருத்துவ பில்களுக்கான கோடிங் வேலை செய்யும் இளைஞர்கள் பலருக்கு இவை கைப்பழக்கமான எண்கள். இந்த வரிசையின் மீது வரும் புகார்களில் பல, இடம் மாறி வந்து விழுந்தவை.

வரிசை முக்கியமாகக் கேட்பது மூன்று கேள்விகள்: எந்த உறுப்பு, பெரியவரா குழந்தையா, மாவா ஃபைபர்கிளாஸா. பெரியவரின் முன்கைக்கு மாவுக்கட்டு என்றால் க்யூ 4009, ஃபைபர்கிளாஸ் என்றால் 4010. குழந்தைக்கு 4011, 4012. எத்தனை சுருள் செலவானது என்று கேட்பதில்லை. பருத்த கைக்கும் மெலிந்த கைக்கும் ஒரே தொகை. கூட்டம் அதிகமுள்ள இடத்தில் இந்த ஏற்றத்தாழ்வு சமன்பட்டுவிடும். சின்ன கிளினிக்கில் அவ்வளவாகச் சமன்படாது. ஆனாலும் சுருள் எண்ணிக்கையை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாது என்பதால், இதுவே மேல்.

பெரியவரையும் குழந்தையையும் பிரிக்கப் பதினோரு வயதில் போட்ட கோடும் அப்படித்தான். பத்து வயதுப் பையனின் கை, மெலிந்த பாட்டியின் கையைவிடத் தடித்திருக்கலாம். ஆனால் பிறந்த தேதியில் வாதத்துக்கு இடமில்லை. சுற்றளவை அளக்கச் சொன்னால் உண்டு. இங்கே தோராயமான கோடுதான் நேர்மையான கோடு. மெடிகேர் பெரும்பாலும் 65 வயது கடந்தவர்களுக்கானது. குழந்தைக் குறியீடுகள் பெரிதும் பயன்படுவது மற்றக் காப்பீடுகளில்தான். அவற்றுள் சில இன்னும் பழைய ஏ 4580, ஏ 4590 எண்களைக் கேட்பது ஒரு வீண் தொல்லை. மருத்துவமனையில் போட்ட கட்டுக்கு மருத்துவர் பொருட்செலவு கேட்க முடியாது என்ற விதியும் சரியே. வாங்கி வைத்தது மருத்துவமனை.

கோளாறு இருப்பது 25600 என்ற சிகிச்சைக் குறியீட்டில். மணிக்கட்டு முறிவை இழுத்துச் சேர்க்காமல் கவனித்துக்கொள்வதற்கான எண் அது. ஒரே தொகைக்குள் 90 நாள் கவனிப்பும் முதல் கட்டைப் போடும் வேலையும் அடக்கம். பொருள் மட்டும் தனி. இன்னொரு வழியும் நடைமுறையில் உண்டு: ஒவ்வொரு வருகைக்கும் கட்டுக்கும் தனித்தனியே பில். ஆக ஒரே முறிவுக்கு, ஒரே கட்டுக்கு, கிளினிக்கைப் பொறுத்து இரண்டு விதமான ரசீது. 25600 அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருப்பதால், கத்தியே படாத நோயாளியின் காப்பீட்டுத் தாளில் அது அறுவைச் சிகிச்சையாக ஏறுகிறது. டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் தானே கட்ட வேண்டிய தொகை, அதிகமுள்ளவர் மூன்று மாதத் தொகையை முதல் நாளே ஏற்க வேண்டியிருக்கிறது. முதல் ஆலோசனைக்குப் பணம் வர, அறுவைக்கு முடிவெடுத்ததாகச் சொல்லும் 57ஆம் மாடிஃபயர் என்ற துணை எண்ணை மருத்துவர் ஒட்ட வேண்டும்.

மொத்தத் தொகைக்கு ஆதரவான வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. வருகைக்கு வருகை பணம் என்றால் தேவையில்லாமல் வரச்சொல்லத் தூண்டும். மொத்தத் தொகை அதைத் தடுக்கிறது. எலும்பை இழுத்துச் சேர்க்கும் 25605க்கு இது முழுக்கப் பொருந்தும்: வேலையின் பெரும்பகுதி முதல் நாளே முடிகிறது, எலும்பு மறுபடி விலகினால் பொறுப்பும் மருத்துவருடையது. 25600இல் முதல் நாள் நடப்பதோ எக்ஸ்ரே பார்ப்பதும் கட்டுவதும்தான். இடையில் ஊர் மாறும் நோயாளியோ, எழுத்துமூலம் பொறுப்பு மாற்றாவிட்டால், வாராத வாரங்களுக்கும் பணம் கட்டியவராகிறார்; புதிய மருத்துவருக்கும் கட்ட வேண்டும்.

ஆகவே க்யூ வரிசையைத் தொட வேண்டாம். இழுத்துச் சேர்க்காத முறிவுகளை 90 நாள் கட்டிலிருந்து விடுவித்து, வருகை, வேலை, பொருள் மூன்றையும் நடந்தபோது நடந்தபடி எழுத வேண்டும். அதுவரை, இரண்டில் எந்த வழியில் பில் போகும், கையிலிருந்து எவ்வளவு ஆகும் என்பதை முதல் கட்டு நனைவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்வது கிளினிக்கின் கடமை.