குழிநரி: சரிவில் தொடங்குங்கள்

மழைச்சாரல் எட்டாத உலர்ந்த மணல்தான் குழிநரி என்ற பூச்சிப்புழுவின் இருப்பிடம். ஓட்டுவீட்டுத் திண்ணையோரம், கோயில் மண்டபத்துத் தூணடி, பாறையிடுக்கு என்று குனிந்து தேடினால், புனலைப் பதித்து எடுத்தாற்போல் சின்னச் சின்னக் குழிகள் கண்ணில் படும். பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும்.

உடனே எறும்பைப் பிடித்துப் போட வேண்டாம். பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள். சண்டை ஒரு நொடியில் முடிந்துவிடும், குழியைப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் சரிவைப் பாருங்கள். இதற்கு மேல் சாய்ந்தால் மணல் நிற்காது என்ற எல்லையில் நிற்கிறது அது. எறும்பின் கால் பட்டாலே போதும், சரியும். குழிநரி பின்புறமாகவே நகர்ந்து, சுற்றிச் சுற்றித் தோண்டி, தட்டைத் தலையால் மண்ணை வெளியே எறிகிறது. அப்படித் தோண்டுகையில் பெருமணல் வெளியேறி, வழுக்கும் பொடிமணல் சுவரில் தங்கிவிடுகிறது; பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதை விளக்கினார்கள். வேட்டையில் பாதி வேலை மணலுடையது.

இனி எறும்பு தானாக வரட்டும், காத்திருங்கள். அது ஏறித் தப்பப் பார்த்தால் அடியிலிருந்து மண் தெறிக்கும். தாடைகள் கவ்வியதும் செரிமானச் சாறு உள்ளே இறங்கும். கரைந்ததை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே வீசிவிடும். விளிம்பைச் சுற்றிக் கிடக்கும் எறும்புச் சக்கைகளைத் தேடிப் பாருங்கள்.

ஆளையே பார்க்க ஆசையென்றால், கரண்டியால் குழியடியோடு அள்ளி வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். செத்ததுபோல் கிடக்கும், நம்பாதீர்கள். கொஞ்ச நேரத்தில் பின்னோக்கி நகரத் தொடங்கும். உப்பிய வயிறு, உடலெங்கும் மயிர், பல்வைத்த வளைந்த தாடைகள். இந்தப் புழுப்பருவம் முழுக்கக் கழிவை வெளியேற்றுவதே இல்லை. சிறகு முளைத்த பிறகுதான் அதற்கு வழி. பார்த்து முடித்ததும் எடுத்த மணலிலேயே விட்டுவிடுங்கள்.

பல இனங்கள் புழுவாகவே ஓராண்டுக்கு மேல் கழிக்கும். பிறகு பட்டிழையால் மணலைக் கோத்து உருண்டைக் கூடு கட்டி, சிறகுடன் வெளிவரும். அதற்குப்பின் சில வார வாழ்வுதான். இரவில் குழல்விளக்கருகே தள்ளாடிப் பறக்கும் அதை ஊசித்தட்டான் என்றே பலரும் நினைப்பார்கள். உணர்கொம்பைப் பாருங்கள்: ஊசித்தட்டானுக்குக் குட்டையாய், மெலிந்திருக்கும், இதற்கு நீண்டு, நுனி தடித்திருக்கும்.