ஐபி67 சொல்லாத உப்பு

வாட்டர்ப்ரூஃப் கேமரா ட்ரோன் விளம்பரங்கள் பெரும்பாலும் ‘ஐபி67’ என்று சொல்லி முடித்துக்கொள்கின்றன. அந்த 7-க்கு என்ன அர்த்தம்? ஐஇசி 60529 தரத்தின்படி 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம். அதுவும் நல்ல தண்ணீரில். கடலில் பறக்கவிடுகிறவருக்கு இது பாதி பதில்தான். டெஸ்ட் பாஸ் ஆனது உண்மை, ஆனா டெஸ்ட் பண்ணினது வேற.

உப்பு மோட்டாரையும் பேட்டரி முனைகளையும் அரிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவணும். அதைவிடப் பெரிய விஷயம் மிதப்பது. உள்ளே ஒரு சொட்டு போகாமலேயே ட்ரோன் மூழ்கலாம். எடுத்த வீடியோவும் மெமரி கார்டோடு போச்சு. ஸ்வெல்ப்ரோவின் ஸ்ப்ளாஷ்ட்ரோன் 4 மிதக்கும் என்பதால்தான் அதை மதிக்கிறேன்.

வாங்கும்போது மிதக்குமா, கவிழ்ந்தால் நிமிருமா, உப்புத்தண்ணீர் சேதத்துக்கு வாரண்டி உண்டா என்று கேளுங்க. கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம்.